கரப்பானும் மல்லாட்டையும்

‘எங்க காலத்துல இதெல்லாம் ஏது?’ என்று ஆரம்பிக்கும் பேச்சு இப்போது தமிழில் தனி வகைமையாகவே ஆகிவிட்டது. யூடியூபில் என்றால் பின்னால் புல்லாங்குழல் ஓடும். கட்டுரை என்றால் திண்ணை, மண்பானை, பாட்டி. பொருள் எதுவாகவும் இருக்கலாம்: சர்க்கரை, சிசேரியன், மூக்குக்கண்ணாடி. சில வருஷமாக அந்த வரிசையில் குழந்தைகளின் உணவு ஒவ்வாமையும் சேர்ந்துவிட்டது. ‘கடலை தின்னா சாவுறானுங்களாம் வெள்ளக்காரப் பசங்க. நாங்கல்லாம் கொல்லையில புடுங்கி மண்ணோட தின்னோம்.’

நான் திண்டிவனத்துக்காரன். இந்தப் பேச்சு எனக்கு இனிக்க வேண்டும். இனிக்காததற்கு முக்கியக் காரணம், இதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை எதிர்ப்பது சுலபம். பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு தப்பான இடத்துக்குப் போகிறவரிடம்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றிலும் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் ஒரே முறையில் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு 2020-ல் வெளிவந்தது. இந்தியாவில் ஆய்வு நடந்தது கர்நாடகத்தில். உணவு ஒவ்வாமை இருப்பதாகக் கொள்ளத்தக்க குழந்தைகள் ஹாங்காங்கில் 1.5 சதவீதம், இங்கே 0.14 சதவீதம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆக ‘நம்ம பக்கம் கம்மி’ என்பது வெறும் பெருமைப் பேச்சு இல்லை.

ஆனால் அதற்கு ‘மண்’ என்று காரணம் சொல்லும்போதுதான் இடிக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை. பிலிப்பைன்ஸ் துறைமுகத்தின் பெயரை நாக்கில் வைத்துக்கொண்டுதான் இதை நம் மண்ணின் உணவு என்கிறோம். செடியின் பூர்விகம் தென் அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய்யில் எண்ணெயும் சோப்புமாக ஆனது. அப்புறம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். ‘டிஎம்வி’ என்று தொடங்கும் ரகங்களில் இருப்பது எங்கள் ஊர்ப் பெயர்தான். 1940-ல் வெளியான டிஎம்வி 2 ஆந்திரா, கர்நாடகம் வரை போய் பல பத்தாண்டுகள் கொல்லைகளில் நின்றது. (இந்த ஊரிலிருந்து வெளி மாநிலம் போய் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தவர் வேறு யாராவது உண்டா என்று யோசித்திருக்கிறேன்.) சில நூறு வருஷத்து விருந்தாளி இது. நம் ரத்தத்துக்குப் பரம்பரையாகப் பழக்கம் என்று சொல்ல இடமில்லை.

ரத்தம் என்று சொல்கிறவர்கள் மெல்போர்னைப் பார்க்கலாம். அங்கே 5,000-க்கு மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். உணவைக் கொடுத்தே பார்த்து உறுதி செய்த ஒவ்வாமை, பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் இருந்தது. அதே குழந்தைகளில், கிழக்காசியாவில் பிறந்த பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்களிடம் கடலை ஒவ்வாமை உள்ளூர்ப் பெற்றோரின் குழந்தைகளைவிட அதிகம். கடலை ஒவ்வாமை குறைவாக உள்ள ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஒரே தலைமுறையில் தலைகீழ். பரம்பரையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. குழந்தை பிறந்த முதல் வருஷத்தில், அந்த வீட்டில், அந்தத் தோலுக்கும் வயிற்றுக்கும் என்ன நடக்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது.

*

இனி கரப்பானுக்கு வருவோம். கைக்குழந்தையின் கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து, சொரசொரத்து, நீர் கசிந்து, இரவெல்லாம் சொறிய வைக்கும் அதற்கு மருத்துவர்கள் எக்ஸிமா என்பார்கள். ஊரில் கரப்பான். கரப்பானை ஒட்டி ‘கரப்பான் பண்டம்’ என்று ஒரு கருத்து உண்டு. சில பண்டங்களைத் தின்றால் கரப்பான் வெடிக்கும். சித்த மருத்துவப் பத்தியப் பட்டியலில் சோளம், கம்பு, வரகு, வாழைக்காய் எல்லாம் கரப்பான் பண்டம். இன்று சிறுதானியத்தைச் சகல நோய்க்கும் மருந்தாக விற்கும் மரபுக் காவலர்கள் இந்த வரியை மட்டும் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டுப் பட்டியல்கள் இன்னும் நீளம். எங்கள் ஆயாவின் பட்டியல் இப்படிப் போகும்: ‘புள்ளைக்குக் கரப்பான் கெடக்கு. மல்லாட்ட ஆவாது, கத்திரிக்கா ஆவாது, முட்ட ஆவாது, கருவாடு வாசனையே ஆவாது.’

2019-ல் அக்கா மகளுக்கு எட்டு மாசம். கன்னமெல்லாம் கரப்பான். ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், அது நல்ல களிம்புதான். கூடவே ஒரு ஜெராக்ஸ் தாள். தலைப்பு: தவிர்க்க வேண்டிய உணவுகள். பசும்பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, மீன், கருவாடு, கத்தரிக்காய், தக்காளி என்று போய், கீழே பேனாவால் ‘3 வயது வரை’. ஆயாவுக்கு இங்கிலீஷ் டாக்டர்கள் மேல் என்றுமே நம்பிக்கை கிடையாது. டாக்டருக்கும் ஆயாக்கள் மேல் நல்ல அபிப்பிராயம் இருக்காது. ஆனால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் எழுதிய மாதிரி இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. கடும் சண்டையில் இருக்கும் இரண்டு தரப்பும் பல சமயம் ஒரே முன்முடிவின் மேல் நின்றுகொண்டிருக்கும். இங்கே அந்த முன்முடிவு: உணவு காரணம், தோல் விளைவு. வாயை அடைத்தால் தோல் ஆறும்.

அந்த ‘3 வயது’ எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்குப் பால் 1 வயது வரை, முட்டை 2 வயது வரை, கடலையும் மீனும் 3 வயது வரை வேண்டாம் என்று அறிவுரை வெளியிட்டது. பிரிட்டன் 1998-லேயே கடலை விஷயத்தில் இதேபோல் சொல்லியிருந்தது. வலுவான ஆய்வு எதுவும் அதற்கு அடிப்படையாக இல்லை. ஆபத்தான பொருளைத் தள்ளி வைப்பதுதானே பாதுகாப்பு என்கிற பொதுப்புத்திதான். எட்டு வருஷம் கழித்து, 2008-ல் அமெரிக்காவில் அதைக் கைவிட்டார்கள். கைவிட்டு 11 வருஷம் ஆன பிறகும் திண்டிவனத்தில் அது ஜெராக்ஸ் ஆகிக்கொண்டிருந்தது. நாங்கள் அலுவலகத்தில் இதைப் பழைய வெர்ஷன் என்போம். பழைய வெர்ஷன் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை யாரும் அணைப்பதில்லை. அது ஓடுகிறதென்பதே பலருக்குத் தெரியாது.

*

அம்பு எதிர்ப்பக்கம் போகிறது என்று முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் கிடியோன் லாக். 2003-ல் அவரது குழு ஒரு விநோதமான தொடர்பைக் காட்டியது. கடலை ஒவ்வாமை வந்த பிரிட்டிஷ் குழந்தைகளில் பலருக்கு, கைக்குழந்தையாக இருந்தபோது புண்ணான தோலுக்குக் கடலை எண்ணெய் கலந்த கிரீம் தடவப்பட்டிருந்தது. வாய்க்குக் கடலை வருவதற்கு முன்னால் தோலுக்கு வந்துவிட்டது.

நடப்பது, என் பொறியியல் மூளைக்குப் புரிந்த வரையில், இப்படி. வாய் வழியே போகும் புரதத்தைக் குடல் பக்கத்து நோயெதிர்ப்புச் செல்கள் சந்திக்கின்றன. அங்கே சூழல் அமைதி. இது சாப்பாடு, விட்டுவிடு என்று கட்டுப்படுத்தும் டி செல்கள் உருவாகின்றன. இந்தப் பொறுமை தானாக வருவதில்லை, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு உணவுக்கும் கற்றுக்கொள்கிறது. தோலில் கதை வேறு. ஆரோக்கியமான தோலில் புரதம் எளிதில் நுழையாது. கரப்பான் தோலில் வெடிப்பு இருக்கிறது, சொறிந்த காயம் இருக்கிறது, அந்தச் செல்கள் ஏற்கெனவே அபாய அறிவிப்பு கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூச்சலுக்கு நடுவே வந்து சேரும் கடலைப் புரதமும் எதிரிக் கணக்கில் பதிவாகிறது. அதற்கென்றே ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் தயாராகி, மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பின்னொரு நாள் குழந்தை ஒரு கடலை உருண்டையைக் கடிக்கும்போது அத்தனை செல்களும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு. அந்தக் கடிதான் முதல் சந்திப்பு என்று வீட்டில் நினைப்பார்கள். உடம்புக்கு அது இரண்டாவது.

தோலின் உறுதிக்குக் காரணமான ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் கரப்பான் வர வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் தெரிந்தது. பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பது இப்படித்தான். ஆனால் அது கதவை மட்டும் திறந்து வைக்கிறது. உள்ளே என்ன வருகிறது என்பது வீட்டைப் பொறுத்தது. தோல் வழிக்கு இதைவிடத் துலக்கமான சாட்சி ஜப்பானில் கிடைத்தது. கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பு அங்கே பிரபலமாக இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. பெரியவர்கள், அதுவரை நிம்மதியாக ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது நம் வீட்டுக் குழந்தைக் குளியல். கால் நீட்டி உட்கார்ந்த ஆயாவின் முழங்காலில் குப்புறக் கிடக்கும் குழந்தை, எண்ணெய், பயத்தமாவு, கடலைமாவு. நல்ல தோலில் இதனால் தீங்கு என்று நான் சொல்லவில்லை. கரப்பான் வெடித்த தோலில் பருப்பு மாவைத் தேய்ப்பதும், அதே குழந்தைக்கு அதே பருப்பை வாயில் காட்டாமல் வைப்பதும் சேர்ந்து நடக்கிறதே, அதுதான் யோசிக்க வேண்டியது. நம் பத்தியம் வாயில் காவல் போட்டுவிட்டுத் தோலைத் திறந்து விட்டிருக்கிறது. மல்லாட்டை ஆயும் பருவத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வாசலில் செடிக் குவியல், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயைப் பிய்க்கிறார்கள், பக்கத்தில் சாக்கில் குழந்தை. மண்ணும் தூசும் பருப்புத் தூளும் அதன் மேலேயே. வாய்க்கு மட்டும் ‘ஆவாது’.

அப்படியென்றால் விழுப்புரம் மாவட்டமே தடித்துப்போயிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா வீட்டிலும் எங்கள் ஆயாவின் பட்டியல் நடைமுறையில் இல்லை என்பது ஒரு பதில். தோசைக்குத் தொட்ட மல்லாட்டைச் சட்னி, குழம்பில் அரைத்து விட்டது என்று ஏதோ ஒரு விரல்நுனி வழியாகக் குழந்தை வாய்க்கும் போய்ச் சேர்கிறது. இன்னொன்று சமையல். நாம் பெரும்பாலும் அவித்துத் தின்கிறோம். உயர்ந்த சூட்டில் வறுத்த கடலையின் புரதங்கள் ஐஜிஇயோடு வலுவாக ஒட்டுகின்றன, அவித்ததில் அந்த ஒட்டுதல் குறைகிறது, கொஞ்சம் புரதம் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் படியில் அளந்து கொடுக்கும் அவித்த மல்லாட்டைக்கு இப்படியொரு பெருமை இருக்கிறது. புல்லாங்குழல் வீடியோக்காரர்கள் இதைச் சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

*

2008-ல் லாக்கின் குழு லண்டன் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேல் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. வம்சாவளி ஒன்று, ஊர் வேறு. கடலை ஒவ்வாமை லண்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17. இஸ்ரேலில் குழந்தைகள் எட்டு ஒன்பது மாசத்திலேயே பம்பா என்ற கடலைப் பொரியைச் சப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். லண்டனில் அறிவுரைப்படி கடலையே இல்லை. பிறகு 2015-ல் வந்தது ‘லீப்’ ஆய்வு. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள், 4 முதல் 11 மாசத்துக்குள். பாதிப் பேர் வாரா வாரம் கடலை சாப்பிட்டார்கள், பாதிப் பேர் தொடவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது தொடாதவர்களில் 17.2 சதவீதத்துக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2.

ஆயாவும் ஜெராக்ஸ் தாளும் எந்தக் குழந்தைக்குக் கண்டிப்பாக வேண்டாம் என்றார்களோ, அந்தக் குழந்தைக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த ஆய்வையும் கும்பிட்டுவிட்டுப் போக முடியாது. தோல் சோதனையில் பெரிய தடிப்பு வந்த குழந்தைகளை அவர்கள் முதலிலேயே சேர்க்கவில்லை. அதனால் 2017-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு முதலில் சோதனை, பிறகு மருத்துவர் மேற்பார்வையில் 4 முதல் 6 மாசத்துக்குள் கடலை என்கிறது. வாட்ஸ்அப்பில் இது ‘கடலையைக் கொடுங்க, ஒண்ணும் ஆகாது’ என்று சுருங்கி வருகிறது. அது இன்னொரு அபாயம். தோல் கோட்பாட்டிலும் ஓட்டை இருக்கிறது. தோல்தான் வாசல் என்றால் பிறந்ததிலிருந்து கிரீம் தடவி வாசலைச் சாத்திவிடலாமே என்று பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு: கரப்பான் குறையவே இல்லை. அழகான கோட்பாடுகளுக்கு இப்படி அவ்வப்போது அடி விழுவது நல்லது.

ஆயாவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கைக்குழந்தைக்கு மல்லாட்டை கொடுக்காதே என்பதில் பாதி, தொண்டையைப் பற்றிய பயம். முழுக் கடலை மூச்சுக்குழாயில் போய் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும் குழந்தைகள் நம் ஊர்களில் ஏராளம். ஐந்து வயது வரை முழுப் பருப்பு கூடாது என்பதில் எல்லா மருத்துவமும் ஆயாவின் கட்சிதான். ஆய்வில் கொடுத்ததும் கரையும் பொரி, இல்லையென்றால் அரைத்த விழுது. அம்மியில் அரைத்துக் கூழில் கலப்பது நமக்குத் தெரியாத வேலையா?

*

அக்கா மகளுக்கு மூன்றரை வயதில் ஒரு கடலை உருண்டையில் பாதி. கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, துவண்டுவிட்டாள். தாள்தான் காரணம் என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. சராசரிகளைப் பற்றிப் பேசும் ஆய்வு தனி ஒருத்தியின் கதையைச் சொல்லாது. மீட்டவர்கள் உடனே தொடையில் அட்ரினலின் போட்டார்கள். சில நிமிஷத்தில் கண் திறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. உறவில் யாரும் நம்பவில்லை. ‘மல்லாட்ட ஊருல பொறந்துட்டு மல்லாட்ட ஆவாதா?’ ஒரு பெரியம்மா, பழகினால் சரியாகிவிடும் என்று சட்னியில் கொஞ்சம் கலந்து பார்க்க இருந்தார். நல்ல மனசோடுதான். முன்கூட்டிக் கொடுப்பது வருமுன் காக்கிறது, வந்த பிறகு வீட்டில் கொடுத்துப் பார்ப்பது கொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை ‘எங்க காலத்துல ஏது’ என்ற வாக்கியம் அழித்துவிடுகிறது. அரிதாக இருக்கிறது என்ற புள்ளிவிவரம், இருக்கும் ஒரு குழந்தையைப் பொய்க்காரியாக்கும் வாக்குமூலமாகிவிடுகிறது. திண்ணையும் பானையுமாக எழுதும் நண்பர்களிடம் என் புகார் இதுதான். அவர்கள் வரையும் சித்திரத்தில் அந்தக் குழந்தைக்கு இடமே இல்லை.

நம் சொல்லும் கொஞ்சம் சதி செய்கிறது. ஒவ்வாமை எழுத்துச் சொல். வீட்டில் ‘ஒத்துக்கல’, ‘சேரல’, ‘ஆவாது’. மோரில் சளி பிடித்தாலும் ஒத்துக்கல, கறி கெட்டுப்போய் வயிறு போனாலும் ஒத்துக்கல, பிடிக்காத மருமகள் வீட்டுச் சாப்பாடும் ஒத்துக்கல. உயிரை எடுக்கும் ஒன்றும் அதே சொல்லில் வந்து நிற்கிறது. 1906-ல் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லை உண்டாக்கியபோது அதற்கும் ‘மாறிய எதிர்வினை’ என்ற அகலமான பொருள்தான். ஐஜிஇ கண்டுபிடிக்கப்பட்டது 1966-ல்தான். அதன் பிறகும், ரத்தத்தில் ஐஜிஇ இருப்பதும் ஒவ்வாமை இருப்பதும் ஒன்றில்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், உண்மையில் உணவு ஒவ்வாமை உள்ளவர்களாகக் கொள்ளத்தக்கவர்கள் 1.2 சதவீதம். இதைத் தெரியாமல் ஐம்பது, நூறு உணவுக்கு மொத்தமாக ரத்தப் பரிசோதனை எடுத்து, சிவப்பில் வந்ததையெல்லாம் நிறுத்தினால், கரப்பான் குழந்தை அதுவரை தாங்கிக்கொண்டிருந்த உணவையும் தாங்காமல் போகக்கூடும். லேப்காரர்கள் கொடுக்கும் பத்துப் பக்க ரிப்போர்ட் இன்னொரு ஜெராக்ஸ் தாள்தான், கலரில் இருக்கிறது அவ்வளவே.

இப்போது அக்கா பார்ப்பது மூன்றே காரியம். பாக்கெட்டில் வாங்கினால் பின்பக்கம் படிக்கிறாள். கடலை, முட்டை, பால், மீன் போன்றவை இருந்தால் அச்சிட வேண்டும் என்று 2020 உணவு லேபிள் விதி சொல்கிறது. கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்து விற்கும் எள்ளுருண்டைக்கு லேபிள் கிடையாது, அதனால் ஜாடியில் எதையும் வாங்குவதில்லை. இரண்டாவது, மல்லாட்டை ஆயும் மாசத்தில் பிள்ளையைக் களத்துப் பக்கம் விடுவதில்லை. மூன்றாவதுதான் கஷ்டம். தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா இந்தியாவில் லேசில் கிடைப்பதில்லை. ஆம்பியூல் விலை மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். ஆனால் தடிப்போடு போகிறவருக்கு முதலில் அவிலும் டெக்ஸாவும் போட்டுவிட்டு உட்காரவைக்கும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. மூச்சு இழுக்கும்போதோ துவளும்போதோ அவை போதாது. முதலில் அட்ரினலின், தொடைச் சதையில். பள்ளிக்கூட டீச்சருக்கு, ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கு, அந்தப் பெரியம்மாவுக்கு, மூவருக்கும் இதை அவள் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறாள். பெரியம்மா கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, ‘அப்போ முந்திரி குடுக்கலாமா?’ என்றாராம். அதற்கான சோதனைக்கு அடுத்த மாசம் ஜிப்மர் போகிறார்கள்.